கிளிக்கு டாக்டர் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 9. ஒரு மாவட்டத் தலைநகர். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெரு. அந்தத் தெருவில் ஒரு வீடு. வீட்டுக் கூடத்தில் ஒரு கூண்டு. கூண்டில் ஒரு ஜோடி "லவ் பேர்ட்ஸ்". ஒன்று மஞ்சள். மற்றொன்று நீலம்.

தண்ணீர் வைப்பதற்காகக் கூண்டுக் கதவைத் திறந்தாள், அந்த வீட்டுச் சிறுமி. நாலாம் வகுப்புப் படிக்கிறவள். நீலக் குருவி வெளியே பறந்துவிட்டது. கூடத்தை ஒரு வட்டம் அடித்தது. மேலே மின்சார விசிறி சுழன்றுகொண்டு இருந்தது.

"டப்" என்று ஒரு சத்தம்!

குருவி தரையில் கிடந்தது. இடது இறக்கை தொங்கியது. இரண்டு சொட்டு ரத்தம். அவ்வளவுதான்.

அதன் பிறகு என்ன நடந்தது?

பாட்டி மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்து இறக்கை முழுவதும் தடவினாள். அண்ணன் ஈர்க்குச்சியை ஒடித்தான். அதை இறக்கையோடு சேர்த்து, நெஞ்சைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டினான். அம்மா பாலைத் தேக்கரண்டியில் எடுத்து அலகுக்குள் ஊற்றினாள். அப்பா டெலிபோனை எடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன விலைக்கு வாங்கினீங்க, சார்?"

"ஜோடி ஐநூறு ரூபாய்."

"அதுக்குப் போய் டாக்டரா? இன்னொண்ணு வாங்கிட்டாப் போச்சு!"

அப்பா மாட்டாஸ்பத்திரிக்குப் பேசினார். "மாடு, ஆடு, நாய் என்றால் கொண்டு வாருங்கள். குருவிக்கு இங்கே வசதி இல்லை" என்று பதில் வந்தது. ஒரு தனியார் டாக்டருக்குப் பேசினார். "நாயும் பூனையும்தான் பார்ப்பேன்" என்றார் அவர். இன்னொருவர், "சென்னைக்குக் கொண்டு போங்கள்" என்றார். சென்னைக்கு 7 மணி நேரப் பயணம்!

மாலை 6 மணிக்குக் குருவி இறந்துவிட்டது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதை ஒன்றாகச் சேர்த்துச் சொன்ன கதை. ஊர் மாறும். பறவையின் நிறம் மாறும். விசிறிக்குப் பதில் பூனை வரும், அல்லது கதவு இடுக்கு வரும். முடிவு மட்டும் பெரும்பாலும் இதுதான்.

ஆனால், இறக்கை ஒடிந்த பறவை சாகத்தான் வேண்டும் என்பது இல்லை. அந்தக் குருவி இறக்கை ஒடிந்ததால் சாகவில்லை. இறுக்கிய நூலாலும், ஊற்றிய பாலாலும், கிடைக்காத டாக்டராலும் செத்தது.

நெஞ்சைக் கட்டினால் மூச்சு போச்சு!

மனிதனுக்கு மூச்சு விட உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. பறவைக்கு அது கிடையாது. அதன் நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும், வெளியே வரும். நெஞ்சை நூலால் கட்டினாலும், பயத்தில் கையால் இறுக்கிப் பிடித்தாலும், பறவைக்கு மூச்சு முட்டிவிடும். கழுத்தை நெரிப்பதும் நெஞ்சைப் பிடிப்பதும் அதற்கு ஒன்றுதான். சிறு பிள்ளைகள் "தங்கமே" என்று அணைத்தே குருவியைக் கொன்றது உண்டு.

எண்ணெய் விஷயமும் அப்படியே. பறவையின் உடம்புச் சூடு மனிதனைவிட அதிகம். சுமார் 105 டிகிரி. அந்தச் சூட்டைக் காப்பது இறகு. இறகில் எண்ணெய் பட்டால் அது பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். சூடு வெளியேறிவிடும். அடிபட்ட பறவை குளிரில் நடுங்கும். பாட்டி போட்டது மருந்து. குருவிக்கு அது மழையில் நனைந்தது போல!

பால்? பறவைக்குப் பால் செரிக்காது. அது போகட்டும். மயங்கிக் கிடக்கும் பறவையின் வாயில் எதை ஊற்றினாலும், தண்ணீரே ஆனாலும், அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். நாக்குக்கு அடியிலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்து இருக்கிறது.

ரத்தக் கணக்கைப் பார்த்தால் இன்னும் திகைப்பாக இருக்கும். கடையில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் சிறு கிளிக்கு "பட்ஜரிகர்" என்று பெயர். ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த பறவை. எடை 30 முதல் 40 கிராம்தான். அதன் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 3 மில்லி. சொட்டுக் கணக்கில் 60 சொட்டு! அதில் 12 சொட்டு போனாலே ஆபத்து. "கொஞ்சம்தானே ரத்தம்" என்று வீட்டில் சொல்வது மனிதனின் கணக்கு. குருவியின் கணக்கு வேறு.

மருந்துக் கணக்கும் வேறு. மனிதன் 60 கிலோ. குருவி 30 கிராம். இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. தலைவலி மாத்திரையை 2,000 துண்டாக வெட்டி யார் கொடுப்பது? அப்படி வெட்டினாலும் பயன் இல்லை. மனிதனுக்கு மருந்தாக இருப்பது பறவைக்கு விஷமாக இருக்கலாம். "டைக்குளோபினாக்" என்ற வலி மருந்தைப் பலரும் கேள்விப்பட்டு இருப்பார்கள். அந்த மருந்து போட்ட மாடுகள் செத்தபோது அவற்றைத் தின்ற கழுகுகள் லட்சக்கணக்கில் அழிந்தன. பிணம் தின்னிக் கழுகுகளே இல்லாமல் போகும் நிலை வந்த பிறகு, 2006-ஆம் ஆண்டில் அந்த மருந்தை மாடுகளுக்குப் போடக் கூடாது என்று இந்திய அரசு தடை செய்தது. மாட்டின் உடம்பு வழியாக வந்த மருந்துக்கே அவ்வளவு பெரிய பறவை தாங்கவில்லை. அந்த வகை மாத்திரையைப் பொடித்துக் கிளிக்குக் கொடுக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அட்டைப் பெட்டி போதும்

வீட்டில் செய்யக்கூடியது எதுவுமே இல்லையா? உண்டு. அது மிக எளிது. எளிதாக இருப்பதால்தான் யாரும் செய்வது இல்லை!

செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்று போதும். அதில் நாலைந்து துளை போட வேண்டும். அடியில் பழைய பருத்தித் துணி. பறவையை ஒரு மெல்லிய துண்டால் மூடி, மெதுவாக எடுத்து, உள்ளே விட்டு மூடிவிட வேண்டும். இருட்டு இருந்தால் பறவையின் படபடப்பு அடங்கும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைக்கலாம். சூடு அதிகமானால் பறவை மறு பக்கம் நகர்ந்துகொள்ளும். ரேடியோ, டெலிவிஷன் எல்லாம் கொஞ்ச நேரம் வாய் மூடட்டும். பிள்ளைகள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார்ப்பதை நிறுத்த வேண்டும். இதுதான் கஷ்டமான வேலை.

நகம் ஒடிந்து ரத்தம் வந்தால், கொஞ்சம் சோள மாவையோ மைதா மாவையோ நக நுனியில் வைத்து அழுத்திப் பிடிக்கலாம். ஆழமான புண்ணில் மாவு போடக் கூடாது. சுத்தமான துணியால் லேசாக அழுத்தினால் போதும். ஒடிந்த எலும்பை நேராக்க முயலவே கூடாது. பறவையின் எலும்பு பல இடங்களில் உள்ளே கூடு போன்றது. ஓடு மெல்லியது. இழுத்தால் சிதறிவிடும்.

பூனை கவ்விய பறவை என்றால் காயம் சின்னது என்று ஏமாறக் கூடாது. ஊசி முனை அளவு பல் பட்டாலும் போதும். பூனையின் வாயில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் பறவையை முடித்துவிடும். அதற்குக் கிருமிக் கொல்லி மருந்து அன்றைக்கே வேண்டும். அதை டாக்டர்தான் கொடுக்க முடியும்.

இன்னொரு விஷயம். பறவை பொல்லாத நடிகன்! காட்டில் நோயாளி என்று தெரிந்தால் பருந்து முதலில் அதைத்தான் தூக்கும். ஆகையால் நோயை மறைப்பது அதன் பிறவிக் குணம். கூண்டிலும் அப்படித்தான் நடிக்கும். இறகைச் சிலுப்பிக்கொண்டு பந்து போல உட்கார்ந்து இருக்கிறதா? மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா? கொம்பை விட்டுத் தரையில் இறங்கிவிட்டதா? அப்படியானால் நோய் இன்று வந்தது அல்ல. பல நாளாக மறைத்துவைத்து, இனி முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சு அங்கே உதவாது.

மாட்டாஸ்பத்திரியில் குருவி

சரி, பெட்டியில் வைத்தாகிவிட்டது. எங்கே கொண்டுபோவது? இங்கேதான் தகராறு.

பறவைகளுக்கு வைத்தியம் இல்லை என்று நினைப்பது தவறு. நன்றாகவே இருக்கிறது. சின்ன முகமூடி வழியாக மயக்க வாயுவைக் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, மெல்லிய கம்பியை எலும்புக்குள் செலுத்தி, கிளியின் காலை ஒட்டவைக்கிறார்கள். பறவையின் எலும்பு மனிதனின் எலும்பைவிடச் சீக்கிரம் கூடும். சிறு பறவைக்கு மூன்று வாரம் போதும். இறக்கையை மட்டும் உடம்போடு அணைத்து, மூச்சு தடைபடாமல் கட்டுப் போடும் முறையும் இருக்கிறது. அதிக நாள் கட்டினால் மூட்டு இறுகிவிடும். ஆகவே எப்போது அவிழ்ப்பது என்பதும் ஒரு வித்தை.

வித்தை இருக்கிறது. வித்தை தெரிந்தவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். மற்ற ஊர்களில் இல்லை.

இதற்குக் காரணம் பழையது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையில் தொடங்கியது. பிறகு வேப்பேரிக்கு வந்தது. 1936-ல் அங்கே பட்டப் படிப்பு வந்தது. அந்தக் காலத்தில் மிருக டாக்டர் என்றால் குதிரைக்கும் மாட்டுக்கும்தான். வண்டி இழுப்பது குதிரை. ஏர் உழுவது மாடு. பால் தருவது பசு. பிழைப்பே அவற்றை நம்பி இருந்தது. கிளிக்கு யார் டாக்டரைத் தேடினார்கள்?

பறவை வைத்தியமே படிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நாமக்கல்லைப் பாருங்கள். முட்டைக்குப் பேர்போன ஊர். அங்கேயும் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோழி நோய்களைக் கரைத்துக் குடித்த டாக்டர்கள் அந்த வட்டாரத்தில் உண்டு. ஆனால், கோழிப் பண்ணை வைத்தியம் கூட்டத்துக்கு வைத்தியம். ஆயிரம் கோழிகளில் ஒன்று நோய்ப்பட்டால், அந்த ஒன்றை அறுத்துப் பார்த்து மற்றவற்றைக் காப்பாற்றுவார்கள். பண்ணைக்கு அது சரி. ஒற்றைக் குருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கண்ணீரோடு நிற்கும் சிறுமிக்கு அந்த வைத்தியம் உதவாது.

டில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, ஜைனர்களின் லால் மந்திர் என்ற கோவில் இருக்கிறது. அந்தக் கோவில் வளாகத்தில் பறவைகளுக்கு என்றே ஒரு தர்ம ஆஸ்பத்திரி நடக்கிறது. நூறு ஆண்டை நெருங்கிவிட்டது. காசு வாங்குவது இல்லை. புறாவும் கிளியும் அங்கே "உள் நோயாளிகள்". மாமிசம் தின்னும் பருந்து வந்தால் மட்டும் "வெளி நோயாளி"யாகப் பார்த்து அனுப்பிவிடுவார்கள்! ஆகஸ்டு மாதத்தில் சுதந்திர தினத்தை ஒட்டி டில்லியில் பட்டம் விடுவார்கள். மாஞ்சா நூலில் அறுபட்ட பறவைகள் அப்போது வந்து குவியும். அந்த மாதிரி நூலில் ஒரு வகைக்கு 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை போட்டது. நூல் இன்னும் நின்றபாடாக இல்லை.

அப்படி ஓர் ஆஸ்பத்திரி மாவட்டத்துக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டால் பேராசை. கேட்க வேண்டியது அது அல்ல. ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் உள்ள கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டாக்டர் பறவைகளைக் கவனிக்கப் பழகினால் போதும். அவருக்கு வேப்பேரியிலோ நாமக்கல்லிலோ சில வாரப் பயிற்சி. கிராம் கணக்கில் நிறுக்கும் ஒரு தராசு. ஒரு சின்ன முகமூடி. ஒரு வெதுவெதுப்பான பெட்டி. வாரத்தில் இந்தக் கிழமை பறவைகளைப் பார்ப்போம் என்று வாசலில் ஒரு பலகை. இதற்குக் கோடி வேண்டாம். மாட்டுக்காக 1962 என்ற எண்ணில் கூப்பிட்டால் வண்டியே வருகிற காலம் இது.

"மனிதனுக்கே சில ஊர்களில் டாக்டர் இல்லை. குருவிக்கு என்ன அவசரம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மனிதனுக்கு வைத்த டாக்டரைக் குருவிக்கு அனுப்பச் சொல்லவில்லை. கால்நடை ஆஸ்பத்திரி ஏற்கெனவே இருக்கிறது. டாக்டரும் இருக்கிறார். தவிர, மரத்தில் உள்ள காக்கைக்கு யார் பொறுப்பு என்று வாதாடலாம். கூண்டில் உள்ள குருவிக்கு யார் பொறுப்பு என்பதில் வாதமே கிடையாது. அது தானாக வந்து கூண்டில் ஏறவில்லை.

பச்சைக்கிளியின் பாடு

லவ் பேர்ட்ஸை விடப் பரிதாபம் பச்சைக்கிளியின் நிலை.

பச்சைக்கிளி நம் நாட்டுப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் வளர்ப்பதும் குற்றம். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. ஆனாலும் எத்தனை வீடுகளில் "அக்கா, அக்கா" என்று கூப்பிடும் கிளி இருக்கிறது! சீட்டு எடுக்கும் ஜோசியக் கிளி இன்னும் சில ஊர்த் திருவிழாக்களில் தென்படுகிறது.

அந்தக் கிளிக்கு அடிபட்டால் என்ன ஆகும்? டாக்டரிடம் கொண்டுபோக வீட்டுக்காரருக்குப் பயம். "பிடித்துக் கொடுத்துவிட்டால்?" என்ற நடுக்கம். கொல்லைப்புறத்தில் மறைத்துவைத்துக் கைவைத்தியம் பார்ப்பார்கள். கிளி செத்ததும் ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்துவிடுவார்கள்.

சட்டம் சரியானதுதான். ஒரு கிளி கூண்டுக்கு வருவதற்குள் பொந்தில் இருந்து பிடிக்கப்பட்ட குஞ்சுகள் பல வழியிலேயே செத்துப்போகின்றன. அந்த வியாபாரத்தை ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால், காயத்தோடு ஒரு கிளி வாசலுக்கு வரும்போது, முதலில் பார்க்க வேண்டியது காயத்தை. விசாரணை பிறகு. "காயம்பட்ட கிளியை ஒப்படைக்க வருகிறவரிடம் கேள்வி இல்லை, கிளியை வாங்கிக்கொள்வோம்" என்று வனத்துறை பகிரங்கமாகச் சொன்னால், பல கிளிகள் பிழைக்கும். பல கூண்டுகளும் காலியாகும். சட்டம் விரும்புவதும் அதுதானே? வளர்ப்பவர்களும் கிளி சாகும்வரை காத்திருக்காமல், வனத்துறையிடம் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. பல ஆண்டு கூண்டில் இருந்த கிளியைத் திடீர் என்று மொட்டை மாடியில் இருந்து பறக்க விடுவது புண்ணியம் அல்ல. இரை தேடத் தெரியாத பறவை இரண்டு நாள் தாங்காது.

இலைக் கிளியும் உயிர்க் கிளியும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் இடது கையில் ஒரு கிளி இருக்கும். இலையால் செய்த கிளி. மாதுளம்பூவால் மூக்கு. அதை நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள். நேற்றைய கிளி வாடினால் இன்றைக்குப் புதுக் கிளி.

"இன்னொண்ணு வாங்கிட்டாப் போச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது இலைக் கிளிக்குத்தான் பொருந்தும்.

அந்த வார்த்தையை யார் கேட்டுக்கொண்டு இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நாலாம் வகுப்புச் சிறுமி கேட்டாள். ஐநூறு ரூபாய்க்கு வாங்கியதற்கு ஆயிரம் ரூபாய் வைத்தியம் கிடையாது என்று அவளுக்கு ஒரு கணக்குப் பாடம் நடந்துவிட்டது. வீட்டில் கிழடு தட்டிப் படுத்து இருக்கிற பாட்டிக்கும் அதே கணக்கை ஒரு நாள் போட்டால், அப்போது யாரைக் குறை சொல்வது?

பணம் இல்லாத வீடுகள் உண்டு. அது வேறு விஷயம். அவர்களுக்காகத்தான் அரசாங்க ஆஸ்பத்திரியில் பறவைக்கு இடம் வேண்டும் என்பது. ஆனால் கூண்டுக்கு இரண்டாயிரம், அதில் தொங்கவிடும் ஊஞ்சலுக்கு இருநூறு என்று செலவு செய்கிறவர்கள், டாக்டர் செலவுக்கு மட்டும் கையை விரிப்பது அழகு அல்ல. சில சமயம் டாக்டர், "பிழைக்கும், ஆனால் பறக்காது" என்பார். பறக்காவிட்டால் என்ன? தாழ்வாக ஒரு கொம்பு கட்டினால் பல ஆண்டு வாழும். இன்னும் சில சமயம், "வேதனைதான் மிச்சம்" என்று சொல்லி, வலி இல்லாமல் முடித்துவைப்பார். அதுவும் வைத்தியம்தான். ஈர்க்குச்சிக் கட்டோடு மாலை ஆறு மணி வரை துடிப்பதைவிட அது மேல்.

பறவை வாங்கப் போகிறவர்கள் விலை கேட்கிறார்கள். தீனி என்ன என்று கேட்கிறார்கள். பேசுமா என்று கேட்கிறார்கள். இந்த ஊரில் பறவைக்கு எந்த டாக்டர் என்று கேட்பவர் அபூர்வம். அதை முதல் நாளே கேட்க வேண்டும். பதில் இல்லை என்றால் வாங்காமல் திரும்பலாம். கூண்டுக் கதவைத் திறக்கும்போது விசிறியை நிறுத்த வேண்டும் என்பதையும் அன்றைக்கே தெரிந்துகொள்ளலாம்.

அந்தச் சிறுமியின் வீட்டில் மஞ்சள் குருவி மட்டும் இருக்கிறது. இரண்டு வாரம் அது சரியாகத் தின்னவில்லை. துணைக்கு ஒன்று வாங்கலாம் என்று அப்பா மகளை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். நீலக் குருவி ஒன்று கூண்டில் தத்திக்கொண்டு இருந்தது. கடைக்காரர் வலை போட்டுப் பிடித்து, காகிதப் பெட்டியில் போடப் போனார்.

"அண்ணாச்சி, இதுக்கு உடம்பு சரியில்லைன்னா எந்த டாக்டர்கிட்டே போகணும்?" என்று கேட்டாள் சிறுமி.

கடைக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். உள்ளே திரும்பி, "ஏலே, அந்தக் கொண்டைக்கிளிக்காரர் காலுக்குக் கட்டுப் போட்டுட்டு வந்தாரே, எந்த ஊர்லேன்னு சொன்னாரு?" என்று மகனைக் கேட்டார்.

பையன் சொன்னான். இரண்டு மணி நேரப் பயணம். தினை வாங்கிய பொட்டலத்தின் மேல் டாக்டரின் எண்ணை எழுதிக் கொடுத்தார் கடைக்காரர். அப்புறம்தான் அப்பா பணத்தை எடுத்தார்.